இருமலுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ரத்த அழுத்தத்துக்கு ஒரு எண் உண்டு, சர்க்கரைக்கும் உண்டு. இருமலுக்கு மட்டும் ‘ராத்திரி பூரா இருமல் டாக்டர்’ என்பதுதான் கணக்கு. மாதக்கணக்கில் இருமி அலுத்தவருக்குத் தன் இருமல் உறைப்பதே இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கோ ஒவ்வொன்றும் இடி. யார் சொல்வதை மருத்துவர் எழுதிக்கொள்வது?

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜாக்லின் ஸ்மித் என்ற மருத்துவரின் குழு உருவாக்கிய ‘வைட்டலோஜாக்’, இருமலை எண்ண உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவி. நெஞ்செலும்பின் மேல் ஒரு மைக்கை ஒட்டுவார்கள். இன்னொன்று சட்டைக் காலரில். பதிவுப் பெட்டி இடுப்பில் தொங்கும். இருமியது இவரா, டிவியில் வரும் ஆளா என்ற குழப்பத்தை நெஞ்சு மைக் தீர்த்துவிடும். 24 மணி நேரப் பதிவில் சத்தமில்லாத பகுதிகளை மென்பொருள் வெட்டி எறியும். மிச்சத்தை ஆட்கள் உட்கார்ந்து காதால் கேட்டு, ஒவ்வொரு இருமலாக எண்ணுவார்கள். செருமல், தும்மல், சிரிப்பு எல்லாம் கழிய வேண்டுமே! அடுக்கடுக்காக வரும் இருமலில் ஒவ்வொரு வெடிப்பும் தனிக் கணக்கு. பாவம், அந்த வேலைக்காரர்கள்.

மெர்க் நிறுவனம் நாள்பட்ட இருமலுக்குக் கொண்டுவந்த ‘கெஃபாபிக்ஸன்ட்’ மாத்திரையின் தலையெழுத்தை இந்த எண்ணிக்கைதான் எழுதியது. இரண்டு ஆய்வுகளில் 2,000 பேருக்கு மேல் பங்கேற்றார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் ஒன்றில் 18.5 சதவீதமும் மற்றதில் 14.6 சதவீதமும்தான் இருமல் கூடுதலாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கே பாதிக்கு மேல் குறைந்திருந்தது! மருந்து சாப்பிட்ட பலருக்கு நாக்கில் ருசியும் கெட்டது. 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 12-க்கு 1 என்ற கணக்கில் கைவிரித்தது. அடுத்த மாதமே அனுமதியும் மறுக்கப்பட்டது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆய்வுகளைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்திருந்தன.

ஒருநாள் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. இன்று அடங்கிக் கிடக்கும் இருமல் நாளை வாட்டி எடுக்கும். அதனால்தான் ‘ஹைஃப்’ போன்ற நிறுவனங்கள் கைக்கடிகாரத்துக்குப் போயிருக்கின்றன. வாரக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கலாம், எண்ணும் வேலையை மென்பொருளே பார்க்கும். வீட்டுப் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்குமோ என்ற பயம் நியாயமானது. ஒலியைக் கடிகாரத்துக்குள்ளேயே அலசி, எண்ணிக்கையை மட்டும் வெளியே அனுப்புவதுதான் அதற்கு வழி. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

எத்தனை என்று கடிகாரம் சொல்லும். ஆஸ்துமாவா காசமா என்று அதற்குத் தெரியாது. காசமா என்று அறிய, இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு இன்றும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான்.