தோனிக்கு ஏன் இத்தனை விசில்?

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும் நாளில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா? குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மஞ்சள் சட்டைகள் ஏறும். பல சட்டைகளின் முதுகில் ஒரே எண்தான் இருக்கும். அது 7. ஆம், மகேந்திர சிங் தோனியின் எண்!

தோனி பிறந்தது 1981 ஜூலை 7. சென்னை அணிக்கு வந்தது 2008-ல். அவர் தலைமையில் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை சென்னை கோப்பையை வென்றது.

ஆனால், வயது யாரை விட்டது? விக்கெட் கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். 20 ஓவர் என்றால் குறைந்தது 120 முறை! 2023-ல் தோனிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பத்து ஓவர் முழுக்க ஓடி ஆட அவருடைய முழங்கால்கள் இடம் தராது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் 2025-ல் சொன்னார்.

அதே ஆண்டு மார்ச் 28. சேப்பாக்கத்தில் பெங்களூருவுடன் ஆட்டம். ஒன்பதாவது ஆளாகத்தான் தோனி வந்தார். அதற்குள் வெற்றி கைநழுவிவிட்டது. 16 பந்தில் 30 ரன் எடுத்தார். சென்னை 50 ரன்னில் தோற்றது. ஆனாலும் அவர் அடித்த சிக்ஸர்களுக்கு விசில் பறந்தது!

தோற்கிற ஆட்டத்தில் ஏன் இந்த ஆரவாரம்? 2008-ல் பள்ளி மாணவர்களாக இருந்தவர்கள் பலர் இன்று அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். தோனி மட்டையைச் சுழற்றும்போது, அவர்களுக்குத் தங்கள் பழைய நாட்களும் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கைதட்டல் அன்றைய ரன்னுக்கு மட்டுமல்ல. இத்தனை வருட மகிழ்ச்சிக்குச் சொல்லும் நன்றி.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். பேஸ்பால் வீரர் பேப் ரூத். 40 வயதில் உடல் கனத்து, ஓட முடியாமல் தடுமாறினார். ஆனால் 1935 மே 25-ல் ஒரே ஆட்டத்தில் மூன்று 'ஹோம் ரன்' அடித்தார். அது நம் சிக்ஸர் மாதிரி. அன்றும் அவர் அணி தோற்றது. சில நாட்களில் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த மூன்று அடிகளைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. தோனி சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக, சென்னை வீரர் அவுட் ஆனாலே சிலர் கைதட்டுகிறார்கள்! 'நான் முன்னால் இறங்கினால், எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள்' என்று 2023-ல் ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும், அவுட் ஆகித் திரும்பும் வீரருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? இளம் வீரர் என்றால் இன்னும் வலிக்குமே!

மூத்தவர்களைக் கொண்டாடுங்கள், குழந்தைகளே. அவுட் ஆகித் திரும்புகிறவருக்கும் ஒரு தட்டு தட்டுங்கள். நாளைய சிக்ஸர் அவருடைய மட்டையில் இருக்கலாம் அல்லவா?