வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேலை நிற்கும்

நாவலூர், சிறுசேரி பக்கம் ஐடி வேலை பார்க்கும் யாரிடமாவது 'ரெட்ரோ' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டீம் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு, எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசுகிற கூட்டம் அது. பல அலுவலகங்களில் 'எல்லாம் ஓகே, டீம் ஒர்க் சூப்பர்' என்று பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். சிரிப்பு அதனால்தான்.

நான் சென்னையின் இந்த ஓஎம்ஆர் சாலையில் பல வருடங்களாக டீம் நடத்துகிறவள். ரிலீஸ் நெருக்கடி வந்தால் மற்ற கூட்டங்களைத் தள்ளிப்போடுவேன். வெள்ளிக்கிழமை மூன்று மணி ரெட்ரோவைத் தள்ளமாட்டேன். ஏன் என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டால், நிலாவிலிருந்து ஆரம்பிப்பேன்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. இஸ்ரோ தலைவர் கே. சிவன் கலங்கி நின்றதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு நடந்த வேலையை நாம் பார்க்கவில்லை. கிடைத்த தரவுகளை வைத்துக்கொண்டு, கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்து தலைவராக வந்த எஸ். சோமநாத் 2023 ஜூலையில் அதை வெளிப்படையாக விளக்கினார். வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியிருக்கின்றன. அதனால் சிறுசிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயிருக்கின்றன. அவற்றைச் சரிக்கட்ட லேண்டர் வேகமாகத் திரும்பியாக வேண்டிய நேரத்தில், மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதைத் தடுத்திருக்கிறது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

இந்தக் காரணங்களில் ஓர் ஆளின் பெயர்கூட இல்லை. ஒவ்வொன்றும் கையால் மாற்றக்கூடிய விஷயம், மாற்றவும் செய்தார்கள். நடு என்ஜினை எடுத்தார்கள். இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, வேகத்தை அளக்க லேசர் கருவி வைத்தார்கள். என்னவெல்லாம் தவறலாம் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது.

பெரிதாக ஏதாவது நொறுங்கினால்தான் நின்று பார்க்க வேண்டும் என்றில்லை. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி உருவாக்கியது அஜைல் அறிக்கை. இன்று ஓஎம்ஆரில் பல டீம்கள் வேலை செய்வது அந்த வழியில்தான். அதன் 12 கொள்கைகளில் கடைசியானது, டீம் சீரான இடைவெளியில் தன் வேலைமுறையைத் திரும்பிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது.

இப்படித் திரும்பிப் பார்ப்பதில் பலன் உண்டா என்று பெங்களூரு விப்ரோவிலேயே சோதித்திருக்கிறார்கள். பயிற்சியில் இருந்த புது ஊழியர்களில் ஒரு பிரிவினர், நாளின் கடைசி 15 நிமிடத்தில் அன்று கற்றதை யோசித்து எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் அந்த நேரத்திலும் வேலையைத் தொடர்ந்தார்கள். இறுதித் தேர்வில் எழுதியவர்கள் சுமார் 23 விழுக்காடு முன்னே இருந்தார்கள் என்று ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வறிக்கை ஒன்று 2014-இல் சொன்னது.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேனேஜர் எதிரில் ஃப்ரெஷர் வாய் திறக்கமாட்டார். எனவே எங்கள் கூட்டத்தில் முதலில் பேச்சே கிடையாது; எல்லோரும் சீட்டில் எழுத வேண்டும், பெயர் போடாமல். பிறகு ஜூனியரிலிருந்து பேச ஆரம்பிப்போம். என் முறை கடைசியில். அங்கே சொன்னது எதுவும் அப்ரைசலுக்குப் போகாது.

ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'நைட் டெப்லாய்மென்டுக்கு வேண்டிய ஆக்சஸ் ஒருத்தர்கிட்டதான் இருக்கு. அவர் கேப்ல இருந்தா, வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க சும்மா உட்கார்ந்திருக்கோம்.' சோழிங்கநல்லூர் சிக்னலும் மெட்ரோ வேலையும் தெரிந்தவர்களுக்கு அது எத்தனை நேரம் என்று தெரியும். சீனியர்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் அலுவலகத்தில் இருப்பதில்லையே. எழுதிய பையன் தானாகவே கையைத் தூக்கினான். "ஏம்ப்பா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "யாரும் கேக்கலையே மேம்" என்றான். அடுத்த வாரமே இன்னும் இரண்டு பேருக்கு ஆக்சஸ் வாங்கினோம். அதோடு அந்தக் காத்திருப்பு முடிந்தது.

எட்டுப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டு மணி நேர பில்லிங் போச்சே என்று கிளையன்ட் தரப்பில் கேட்பார்கள். இரவில் காத்திருந்தே கழிந்த மணிகளைக் கூட்டிக் காட்டினால் அந்தக் கேள்வி அடங்கும்.

பேசியது பேச்சோடு போகாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் இரண்டே மாற்றங்கள்தான் எடுப்போம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒருவர், முடிக்க ஒரு தேதி. அடுத்த ரெட்ரோவில் முதல் கேள்வியே 'போன தடவை சொன்னது நடந்ததா?' என்பதுதான். இரண்டு தடவை நடக்காமல் போனால், மூன்றாவது தடவை யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

கல்யாணச் சமையல் குழுவுக்கும் பள்ளி ஆண்டுவிழாக் குழுவுக்கும் இதே முறை போதும். பேச்சில் ஓர் ஆளின் பெயர் குற்றவாளியாக வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்தி, எந்த ஏற்பாடு அவரை அப்படிச் செய்ய வைத்தது என்று கேளுங்கள். மாற்ற வேண்டியது எது என்பது அந்தப் பதிலில் இருக்கும்.