வைப்பின் வாயிலும் வடதுருவ வழியும்

வைப்பின் தீவுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையிலுள்ள அழிமுகம் அகலத்தில் சிறியது. எனினும் இச்சிறு வாயிலுக்காக ஐரோப்பிய வல்லரசுகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொருதன. வடதுருவக் கடல்வழியைக் குறித்து இன்று ரஷ்யா, அமெரிக்கா, சீனா முதலிய நாடுகளிடையே நிகழும் பிணக்கை விளங்கிக்கொள்ள, கொச்சியின் கதை நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

1341-ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சி வாயிலைத் திறந்தது. வைப்பின் உருப்பெற்றதும் அவ்வெள்ளத்தாலேயே என்பர். 1500-இல் போர்ச்சுகீசியர் வந்தனர். தீவின் வடகோடியில், பள்ளிப்புரத்தில் அவர்கள் எழுப்பிய அறுகோணக் கோட்டை இன்றும் நிற்கின்றது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் வழி தமக்கே உரியது என்றனர். தம் அனுமதிச் சீட்டின்றி இக்கடலில் எவர் கப்பலும் ஓடலாகாது என்று விதித்தனர்.

மிளகுக்கும் பனிக்கடலுக்கும் என்ன உறவு என வாசகர் வியக்கலாம். தெற்கு வழி பிறர் கையில் இருந்தமையாலன்றோ மற்ற ஐரோப்பியர் வடக்கை நோக்கினர்! 1553-இல் ரஷ்யாவின் வடகரையோரமாகக் கீழ்த்திசை நாடுகளை அடையப் புறப்பட்ட ஆங்கிலேயர் வில்லோபி, தம் மாலுமிகளுடன் பனிக்கரையில் மாண்டார். 1596-இல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் சென்ற கப்பல் நோவாயா ஸெம்ல்யா தீவருகே பனியில் சிறைப்பட்டது. மிதந்துவந்த மரங்களையும் கப்பற் பலகைகளையும் கொண்டு குடிலமைத்து, கதிரவனைக் காணாத நீண்ட இரவை அவர்கள் கழித்தனர். மறு ஆண்டு ஜூனில், திரும்பும் வழியில் பாரென்ட்ஸ் உயிர் நீத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், தெற்கு வழியே ஜாவாவுக்குச் சென்ற டச்சுக் கப்பல்கள் மிளகுடன் தாயகம் சேர்ந்தன. அதன்பின் டச்சுக்காரர் தெற்கு வழியைப் பீரங்கியால் பெறத் துணிந்தனர். 1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டை அவர்கள் வசமாயிற்று.

கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படையினரின் உடுப்புகளை வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்டவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. வல்லரசுகளின் வழக்கு நம்மவரையும் இடம்பெயர்த்தது போலும்! 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கைப்பற்றினர். 1814 உடன்படிக்கையின்படி பாங்கா தீவைக் கொடுத்து அதனை உரிமையாக்கிக்கொண்டனர். ஒப்பமிட்ட இரு தரப்பாரும் ஐரோப்பியரே.

பாரென்ட்ஸைத் தடுத்த பனி இப்போது கோடையில் பெரிதும் விலகுகின்றது. ராட்டர்டாமிலிருந்து யோகோஹாமாவுக்குச் சூயஸ் வழியே ஏறத்தாழ 11,000 கடல் மைல். ரஷ்யாவின் வடகரை வழியே 7,000-க்குச் சற்று அதிகம். இவ்வழியில் செல்லும் கப்பல்கள் தன்னிடம் அனுமதி பெறவேண்டும் என்கிறது ரஷ்யா. பனி மூடிய கடலில் மாசினைத் தடுக்கக் கரைநாடு விதிகள் இயற்றலாம் எனும், 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையின் 234-ஆம் விதியை ஆதாரமாகக் காட்டுகிறது. அங்குள்ள ஜலசந்திகள் சர்வதேச வழிகள் என்பது அமெரிக்காவின் வாதம். வடமேற்கு வழியைத் தன் உள்நாட்டு நீர் என்னும் கனடாவோடும் அமெரிக்கா இதே காரணத்தால் பிணங்குகிறது. துருவக் கரையே இல்லாத சீனாவோ, 2018-இல் 'துருவப் பட்டுப்பாதை' என்னும் திட்டத்தை அறிவித்தது. பழைய அனுமதிச் சீட்டு புதிய உருவில் வந்திருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

வைப்பினுக்கு அருகிலுள்ள வல்லார்பாடத்தில் 2011-இல் திறக்கப்பட்ட சரக்குப்பெட்டித் துறை, சூயஸ் வழியின் அண்மையை நம்பி அமைந்தது. அக்கப்பல்கள் வடக்கே திரும்பிவிட்டால் துறைமுகத் தொழிலாளரின் பிழைப்பு என்னாவது? அந்நாள் அண்மையில் இல்லை என்பதே நம் எண்ணம். துருவ வழி ஆண்டில் சில மாதங்களே எளிதில் திறந்திருக்கும். குறித்த நாளில் சேரவேண்டிய பெட்டிக் கப்பல்களுக்கு அது ஒவ்வாது. அவ்வழியே இன்று செல்வதில் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எண்ணெயும் எரிவாயுவுமே. கொச்சிக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சூயஸே குறுக்கு வழி.

கப்பல் போக்கினும் கவலைக்குரியது கடல்மட்டம். மிதக்கும் பனி உருகுவதால் நீர் உயர்வதில்லை. கிரீன்லாந்தின் நிலப்பனி உருகுவதால் உயர்கிறது. வைப்பினின் எடவனக்காடு, நாயரம்பலம் முதலிய கரையூர்களில் ஓதநீர் இப்போதே வீட்டு முற்றங்களில் புகுகின்றது. 2008-இல் ஸ்வால்பார்ட் தீவில் இந்தியா நிறுவிய ஹிமாத்ரி நிலையத்தில் நம் விஞ்ஞானிகள் துருவப் பனியை ஆராய்ந்துவருகின்றனர். அப்பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதும் 2022-இல் வெளியான இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று.