உஷார்! பானெட்டுக்குள் வண்ண வண்ண எர்த் ஒயரா?

காருக்கு "எர்த் கிட்" போடச் சொல்லி யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஐந்தாறு ஒயர்கள், நுனியில் போல்ட்டில் மாட்டத் தங்க நிற லக்கு. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜின், ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ், பாடி என்று இழுத்து முடுக்கிவிடுவார்கள். பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், ஹெட்லைட் பளிச்சென்று எரியும் என்பார்கள். நீங்கள் தயங்கினால் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: "நெகட்டிவ்தானே சார், இதனால ஒண்ணும் ஆகாது."

ஆகும். வண்டியே எரியும் அளவுக்கு ஆகலாம்.

காரில் பெரும்பாலும் பாசிட்டிவுக்குத்தான் தனித்தனி ஒயர். திரும்பி வரும் கரன்ட் முழுக்க இன்ஜின், பாடி இரும்பு வழியாக வந்து, ஓரிரு தடித்த கேபிள்களில் பேட்டரியின் நெகட்டிவைச் சேர்கிறது. செல்ஃப் அடிக்கும்போது சின்ன பெட்ரோல் காரிலேயே 100 முதல் 200 ஆம்பியர் வரை ஓடும். டீசல் வண்டியில் இன்னும் அதிகம். அத்தனையும் அந்தக் கேபிள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதைத் தடிமனாகப் போட்டிருப்பது அதனால்தான்.

அந்தத் தடித்த கேபிளின் லக்கு துருப்பிடித்தோ போல்ட் தளர்ந்தோ போகிறது என்று வையுங்கள். கிட் போடாத வண்டியில் செல்ஃப் இழுக்காது, லைட் மங்கும், மெக்கானிக்கிடம் போவீர்கள். கோளாறு வெளியே தெரிந்துவிடும். கிட் போட்ட வண்டியில் பழுது மறைந்துகொள்ளும். செல்ஃப் எடுக்கும், ஆனால் 30, 40 ஆம்பியர் மட்டுமே தாங்கும் மெல்லிய ஒயர்கள் அந்த 200 ஆம்பியரைச் சுமக்கும். ஒயர் சூடேறி, மேலுறை இளகி, பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கில் ஒட்டும். தடுக்க ஃபியூஸ் இருக்கிறதா? எர்த் பக்கம் ஃபியூஸ் கிடையாது. ஒயர் கருகும்வரை கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒயரின் தரத்தையும் பாருங்கள். மலிவான கிட்டில் வருவது பெரும்பாலும் முழுச் செம்பு அல்ல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். பார்க்கத் தடிமனாகத் தெரிவதில் பாதி ரப்பர் உறையாகவும் இருக்கலாம்.

இன்னொரு ஆபத்து லக்கில் இருக்கிறது. இன்ஜின் தன் மவுண்ட்டின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும் பொருள். விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒயர் நாளடைவில் லக்கின் கழுத்தில் அறுந்துவிடும். அறுந்த நுனி பேட்டரி பாசிட்டிவையோ ஆல்டர்னேட்டரின் பின்பக்க நட்டையோ தொட்டால் நேரடி ஷார்ட். 12 வோல்ட் பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பெட்ரோல் பைப்பும் அந்தப் பக்கம் போகலாம். ஒயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சாய்ந்தால், சாதாரண பி.வி.சி. உறை அந்தச் சூட்டுக்கு நிற்கவே நிற்காது.

ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள புதிய கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை ஒட்டி சின்னதாக ஒரு சென்சார் இருக்கும். உள்ளே போகும், வெளியே வரும் கரன்ட்டை அளந்து, சார்ஜ் எவ்வளவு மீதம் என்று கணக்கு வைப்பது அதுதான். கிட் ஒயரை நேராக நெகட்டிவ் முனையிலேயே மாட்டினால், அந்த வழியாக ஓடும் கரன்ட் சென்சாரின் கணக்கில் வராது. கணக்கு தப்பினால் ஆல்டர்னேட்டர் தவறாக சார்ஜ் செய்யும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். ஒயரிங்கில் கை வைத்ததைக் காட்டி வாரண்டியையும் மறுக்க வாய்ப்பு உண்டு.

ஒயரை எந்த போல்ட்டில் மாட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். வால்வு கவர் போல்ட்டை முடுக்கும் அளவே சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். நடுவே ஒரு லக்கைச் செருகி ஓங்கி முடுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும், ஆயில் கசியும். ரேடியேட்டர் சட்டத்துக்கு அருகே ஏர்பேக்குக்கான மோதல் சென்சார் இருக்கலாம். அந்த போல்ட்டைத் தொடவே விடாதீர்கள். ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் கேபிள்களின் பக்கம் ஆக்சஸரீஸ் கடைக்காரர் கையையே கொண்டுபோகக் கூடாது.

சரி, பிக்கப்பாவது கூடுமா? பழைய எர்த் நன்றாக இருக்கும் வண்டியில் கூடாது. இன்ஜின் சென்சார்களில் பலவற்றுக்கு இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வுக்கே திரும்பும் தனி ஒயர் இருக்கிறது. பாடியில் எத்தனை ஒயர் கட்டினாலும் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. கிட் போட்டதும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது. அந்த வண்டியின் அசல் எர்த் ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உப்புக்காற்று படும் கடலோர ஊர்களில் அசல் எர்த் கெடுவது நிஜமாகவே நடக்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் மூழ்கி எழுந்த கார்களை வாங்கியவர்கள் எர்த் பாயின்ட்டுகளை அவசியம் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல எர்த். 0.5-ஐத் தாண்டினால் பழுது. அப்போதும் கிட் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, லக்கையும் அது உட்காரும் இடத்தையும் பளபளப்பு வரத் தேய்த்து, சரியாக முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பெரும்பாலும் சரியாகும். கேபிளே இற்றுப்போயிருந்தால் அதே தடிமனில் கம்பெனி கேபிளை மாற்றுங்கள்.

ஏற்கெனவே கிட் போட்டிருப்பவர்கள் இந்த வாரமே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒயரின் உறை இளகியிருந்தாலோ நிறம் கறுத்திருந்தாலோ லக்கு ஆடினாலோ, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன் அசல் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ரப்பர் கருகும் வாசனை வந்தால் சாவியை உடனே திருப்பி நிறுத்துங்கள். எல்லோரையும் இறக்கிவிடுங்கள். இன்னொரு தடவை செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டாம்.