கொடைக்கானல் பாதரசம் முதல் புதிய விதிகள் வரை: மாசடைந்த மண்ணை மீட்பவர்களின் வேலை என்ன?

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடை. 2001 மார்ச்சில் அங்கே டன் கணக்கில் உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது. பக்கத்து தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த, பாதரசம் ஒட்டிய கழிவு அது. எதிர்ப்பு கிளம்பியது, ஹிந்துஸ்தான் லீவர் நடத்திய அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆனால் ஆலை வளாகத்தின் மண்ணில் கலந்த பாதரசம்? அது அங்கேயே தங்கிவிட்டது.

அந்த மாதிரி மண்ணை மீட்பதற்கென்றே ஒரு துறை இருக்கு. பெயர், சுற்றுச்சூழல் ஆலோசனை.

என்ன செய்வாங்க?

முதல் வேலை துப்பறிவது. பழைய வரைபடம், ஆலைப் பதிவேடு, முன்னாள் தொழிலாளர்களின் நினைவு ஆகியவற்றை வைத்து, எங்கே எது கொட்டப்பட்டது என்று தேடுவார்கள். அடுத்து, துளையிட்டு மண், நிலத்தடி நீர் மாதிரிகளை எடுப்பார்கள். ஒவ்வொரு மாதிரியும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு முக்கியம். அது இல்லாவிட்டால் ஆய்வக முடிவு நீதிமன்றத்தில் நிற்காது.

பிறகு மூன்று கேள்விகள். நஞ்சு எங்கே இருக்கிறது? எந்த வழியாக நகர்கிறது? யாரைச் சென்றடையும்? கொடைக்கானலில் ஆலைக்குக் கீழே பாம்பார் சோலைக் காடு. மழை பெய்தால் சரிவில் மண்ணும் நீரும் கீழேதான் இறங்கும்.

எவ்வளவு சுத்தம் போதும்?

சிக்கலே இங்கேதான். கொடைக்கானலில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. காட்டுக்கும் நீருக்கும் அது போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்றார்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். அளவைக் குறைத்தால் அதிக மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும், மலைச்சரிவு அரிக்கும் என்றது நிறுவனத் தரப்பு. ஓர் எண்ணைச் சுற்றியே வருடக்கணக்கில் வாதம் நடந்தது.

எண் முடிவானால்தான் சுத்திகரிப்பு. மண்ணைக் கழுவிப் பிரிப்பது ஒரு முறை. சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிப் பிடிப்பது இன்னொரு முறை. பாதரசம் சுமார் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும்.

சரி, என்ன படிக்கணும்?

சிவில், வேதியியல், சுற்றுச்சூழல் பொறியியல், புவியியல், வேதியியல் என எந்த வழியிலும் உள்ளே வரலாம். ஆரம்ப வருடங்களில் ஏசி அறை கனவு வேண்டாம். பாதுகாப்பு உடையோடு வெயிலில் துளையிடும் இயந்திரம் பக்கத்தில் நிற்கணும். ராத்திரி அறிக்கை எழுதணும்.

இப்போது ஏன் கவனிக்கணும்?

மாசடைந்த இடங்களைக் கையாளத் தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இதன்படி, சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். முதற்கட்ட ஆய்வுக்கு 90 நாள் அவகாசம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். ஆய்வு செய்ய ஆள் தேவை கூடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பல நேரங்களில் ஆலோசகருக்குச் சம்பளம் தருவது மண்ணைக் கெடுத்த நிறுவனம்தான். அதனால் இன்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்டுடணும்: வாடிக்கையாளருக்குப் பிடிக்காத எண் ஆய்வகத்திலிருந்து வந்தால், அது அப்படியே அறிக்கையில் போகுமா?