பேன்ட் பாக்கெட் மீது விழுந்த பழி

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் விசேஷம் இல்லையென்றால், "போனை ஏம்ப்பா எப்பவும் பாக்கெட்லயே வச்சுக்கிட்டுத் திரியுறே?" என்று இப்போது பெரியப்பாக்கள்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைச் சுவிட்சர்லாந்தில் கொஞ்சம் பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். 2005 முதல் 2018 வரை ஆள்தேர்வு மையங்களுக்கு வந்த 18 முதல் 22 வயதுக்குட்பட்ட 2,886 பேரிடம் ஜெனீவா பல்கலைக்கழகக் குழு விந்து மாதிரி வாங்கியது. கூடவே ஒரு கேள்வித்தாளையும் நீட்டியது. குழந்தையில்லை என்று மருத்துவரைத் தேடி வந்தவர்கள் அல்ல, ஊரில் சாதாரணமாகத் திரியும் பையன்கள். அதனாலேயே இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம்.

முடிவு 2023-இல் வெளியானது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போனை எடுக்காதவர்களிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 5.65 கோடி விந்தணுக்கள். தினமும் 20 முறைக்கு மேல் எடுப்பவர்களிடம் 4.45 கோடி. இரண்டுமே நடுமதிப்புகள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ்வரம்பு 1.6 கோடி என்பதால் இரண்டாவது எண்ணைப் பார்த்தும் பயப்பட ஒன்றுமில்லை.

தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு முடிந்துவிட்டன. விஷயமே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பேன்ட் பாக்கெட்டில் போனை வைத்தவர்களையும் வேறு இடத்தில் வைத்தவர்களையும் பிரித்துப் பார்த்தபோது, பாக்கெட்காரர்களுக்குக் குறைவு எதுவும் தென்படவில்லை. இன்னொன்று: 2005-07 காலத்தில் பளிச்சென்று தெரிந்த தொடர்பு, வருடம் போகப்போக மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை கதிர்வீச்சைக் கக்கும். பின்னால் வந்தவை தேவைக்கேற்ப மிகக் குறைத்துக்கொள்ளும். காரணம் அதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம்தான். ஒரு நாளில் எத்தனை முறை போனை எடுத்தீர்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலிலிருந்து, உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக், 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக 361 பேரிடம் தினமும் எத்தனை மணி நேரம் போன் பேசுகிறீர்கள் என்று விசாரித்தது. அதிகம் பேசுகிறவர்களுக்கு விந்தணு குறைவு என்று கண்டது. ஆனால் பேசும்போது போன் காதில் அல்லவா இருக்கிறது! அடுத்த ஆண்டு அதே குழு, விந்து மாதிரியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பேசும் நிலையில் ஒரு போனை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தது. அணுக்களின் நீச்சல் தளர்ந்தது உண்மை. ஆய்வகத்து மாதிரிக்குத் தோலும் இல்லை, தசையும் இல்லை, சூட்டை வாங்கிக்கொண்டு போக ரத்த ஓட்டமும் இல்லை. பாக்கெட்டில் சும்மா கிடக்கும் போனோ அவ்வப்போதுதான் டவருக்கு ஆளிருப்பதைச் சொல்லிவைக்கும்.

இந்தப் பயத்தை வைத்துக் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் விற்கிறார்கள். அது சிக்னலை உண்மையிலேயே மறைத்தால், டவரை எட்ட போன் இன்னும் அதிக சக்தியைச் செலவிடும். காசு கொடுத்து வம்பை வாங்குவது என்பது இதுதான்.

விந்தணுவுக்கு நிச்சயமாக ஆகாதது சூடு. விரைகள் வெளியே தொங்குவதே உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கத்தான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் 29 பேரை மடியில் லேப்டாப்போடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். விரைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி செல்சியஸ் ஏறியது. லேப்டாப்பே இல்லாமல், தொடைகளைச் சேர்த்து அதே மாதிரி உட்கார்ந்ததற்கே 2.1 டிகிரி ஏறியிருந்தது.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். இன்றைக்குப் போனைச் சட்டைப் பைக்கு மாற்றிவிட்டு அடுத்த வாரமே லேப் வாசலில் போய் நின்றால், ரிப்போர்ட்டில் இருப்பது போன மாதங்களின் கணக்குதான்.