கைவினைப் பொருளுக்கு விலை எழுதிப் போடலாமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்துவிட்ட போதிலும், அடுத்துள்ள வாலாஜாபாத் வட்டாரத்தில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்களில் தறியின் ஓசை இன்னும் ஓயவில்லை. நெய்த சேலையின் படத்தைக் கைபேசி மூலம் இணையத்தில் போடும் நெசவாளரும் உளர். ஆயினும் படத்தின் கீழ் விலை இராது. ‘விலைக்குத் தொலைபேசியில் கேட்கவும்’ என்றே இருக்கும். விலையையும் எழுதிவிடலாமா என்று ஊராட்சி உறுப்பினர் சிலர் நம்மைக் கேட்டதன் விளைவே இக்கட்டுரை.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பட்டிழையின் மீது மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை. வெள்ளியும் பொன்னும் விலை ஏறினால் சேலையின் அடக்க விலையும் கூடவே ஏறுகிறது. சென்ற மாதம் எழுதிய விலைக்கு இம்மாதம் நெய்து கொடுத்தால் நஷ்டமே மிஞ்சும். அடுத்த தறிக்காரர் நூறு ரூபாய் குறைத்துப் போடுவாரோ என்ற அச்சம் வேறு. கூலிக்கு நெய்பவருக்கோ இந்தக் கேள்வியே எழாது, சேலை அவருடையதன்று.

ஆனால் விலையை மறைப்பதால் யாருக்கு ஆதாயம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இரவு முறை வேலை முடிந்து வரும் தொழிற்சாலை இளைஞர், தம் தங்கையின் திருமணத்துக்குச் சேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போக அவருக்குக் கூச்சம். ஆகவே கேட்பதே இல்லை. விலை எழுதியுள்ள விசைத்தறிச் சேலையைக் ‘காஞ்சிபுரம்’ என்ற பெயரிலேயே வாங்கிவிடுகிறார். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகியும் இந்த மயக்கம் தீரவில்லை. கோர்வைக் கரைச் சேலையில் கரையும் உடலும் தனித்தனி நாடாவால் நெய்யப்படுவதால், நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் அமரவேண்டும். இரண்டு பேரின் உழைப்பு அது என்பதை விலையோடு சேர்த்து எழுதினாலன்றி வாங்குபவர் எவ்வாறு அறிவார்?

வெளிப்படையான விலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், சேலைதோறும் விலைச்சீட்டுக் கட்டியே விற்றுவருகிறது. பேரம் பேசித் தேர்ந்த நம் தாய்மார்களும் அங்கே பேரம் பேசுவதில்லை!

எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி ஏற்காது. மாமல்லபுரத்துச் சிற்பியிடம் கோயிலுக்கென ஒரு சிலை கேட்டால், உயரம், கல்லின் தரம், வேலைப்பாட்டின் நுணுக்கம் ஆகியவற்றைப் பேசிய பின்னரே அவர் விலை கூற இயலும். திரும்பத் திரும்பச் செதுக்கும் சிறு பிள்ளையாருக்கு விலை எழுதத் தடையில்லை. 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், ஓவியர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டே தம் ஓவியப் பணியைத் தொடர்ந்தனர். இவ்விருவகை வேலைகளையும் பிரித்துப் பார்ப்பதே முறை. தனிப்பட்ட படைப்புக்கு ‘இத்தொகையிலிருந்து’ என்று தொடக்க விலையையேனும் குறிக்கலாம்.

நெசவாளர் விலை எழுதும்பொழுது பட்டு, சரிகை, சாயம், இருவர் கூலி, தறிச் செலவு, ஆதாயம் என யாவற்றையும் முதலில் ஒரு நோட்டில் கூட்டிப் பார்க்கட்டும். பலர் தம் மனைவியின் உழைப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாம் விசாரித்த வீடுகளில் இக்குறையே அதிகம். பிறகு விலையுடன் தேதியையும் எழுதி, ‘இவ்விலை பதினைந்து நாட்களுக்கு’ என்று குறிப்பிட்டுவிட்டால், சரிகை விலையின் ஏற்றத்தாழ்வுக்கு அஞ்சவேண்டியதில்லை. ஒரே தெருவில் நெய்பவர்கள் கூடிப் பேசி, கூலிக்குக் கீழ் எவரும் இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்வதும் நன்று. இப்பேச்சை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே தொடங்கிவைக்க உறுப்பினர்கள் முன்வரலாம்.